கணினித் திரையின் முகப்பிலே தமிழ்

பகேரியாவில் வாழும் எம்மவர் வீடுகளில் கணினி இன்று புதுமைப் பொருளன்று. பாடசாலையின் மின்பதிவேட்டைப் பார்ப்பதற்கும், பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்வதற்கும், ஊரிலுள்ள உறவுகளோடு முகம் பார்த்து உரையாடுவதற்கும் அது வேண்டியிருக்கிறது. கடையிலிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்த அன்று அது இத்தாலிய மொழி பேசுகிறது. பல வீடுகளில், பழுதடைந்து அகற்றப்படும் நாள்வரை அது அம்மொழி ஒன்றையே பேசிக்கொண்டிருக்கிறது. குப்பைத்தொட்டி 'செஸ்தீனோ' என்றும், கோப்புகள் இருக்கும் இடம் 'தொக்குமெந்தி' என்றும் எம் பிள்ளைகளின் கண்களுக்குப் பழகிவிட்டன. அதிலே குறை ஒன்றுமில்லை. அவர்கள் கல்வி கற்கும் மொழி அதுவே.

ஆயினும் ஒன்றைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வார இறுதியில் ஓரிரு மணிநேரம் தமிழ் எழுதும் பிள்ளை, வாரத்தின் மற்றைய நாட்களில் எழுதுவதெல்லாம் திரையின் முன்னேயே. அத்திரையிலே தமிழுக்கு ஓர் இடம் இல்லையாயின், தமிழ் என்பது கொப்பியில் மட்டும் எழுதப்படும் மொழி என்ற எண்ணம் பிள்ளையின் மனத்திலே தானாகவே வேர்விட்டுவிடும். அவ்விடத்தை உண்டாக்குவதற்குப் பணமும் வேண்டியதில்லை. பெரிய தொழில்நுட்ப அறிவும் வேண்டியதில்லை. அரைமணி நேரப் பொறுமை போதும். எவற்றை மாற்றுவது, எவற்றை மாற்றாது விடுவது, ஏன் என்பவற்றை இங்கு விளக்க முயல்கின்றோம்.

கணினியைத் திறந்தவுடன் எம் கண்முன் தோன்றும் பரப்பே முகப்புத்திரை. அதன் பின்னால் இருந்து கணினியின் உறுப்புகள் அனைத்தையும் நடத்துவது இயங்குதளம். இலங்கைப் பாடநூல்கள் இதனைப் பணிசெயல் முறைமை என்று அழைக்கின்றன. எம்மவர் வீடுகளிற் பெரும்பாலும் இருப்பது மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் ஆதலின் அதனையே முதன்மையாக எடுத்துக்கொள்கின்றோம். (கணனியா, கணினியா என்று கேட்போர் உளர். ஈழத்திலே 'கணனி' என்று நெடுங்காலம் எழுதி வந்தோம். 'கணினி' என்ற வடிவம் இப்போது பரவலாகியிருப்பதால் இக்கட்டுரையில் அதனைக் கைக்கொண்டுள்ளோம்.)

பழைய கோப்புகள் ஏன் படிக்க முடியாமற் போயின?

அமைப்புகளுக்குள் நுழையுமுன், தமிழ் எழுத்து இயந்திரத்துக்குள் புகுந்த கதையைச் சற்று அறிந்துகொள்வது நன்று. அக்கதை தெரியாதவிடத்து, ஒரே சொல்லுக்கு நான்கு விசைப்பலகைகள் ஏன் இருக்கின்றன என்பது விளங்காது.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற இரா. முத்தையா என்பவர் 1930களிலே தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசையமைப்பு வகுத்தார். 247 எழுத்துகளையும் ஒரு சிறு பொறிக்குள் அடக்குதல் இயலாத காரியம். ஆதலால் கொம்பு, கால், விசிறி, புள்ளி முதலியவற்றைத் தனித்தனி விசைகளாக்கி, மெய்யோடு சேர்த்து அடிக்கும் முறை ஏற்பட்டது. தாளிலே இடமிருந்து வலமாக எப்படித் தோன்றுமோ அப்படியே அடித்தல் வேண்டும். 'கொ' என்று எழுதக் கொம்பை முதலிலும், ககரத்தைப் பின்னும், காலை இறுதியிலும் அடித்தனர். ஊரிலே தட்டச்சு பயின்ற எம் பெற்றோர் பலரின் விரல்களில் இன்றும் இருப்பது இப்பழக்கமே.

கணினி வந்தபோது இம்முறை அப்படியே அதற்குள் சென்றது. எம்மவரிடையே பெரிதும் வழங்கிய பாமினி என்னும் எழுத்துரு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது உண்மையில் ஒரு மாறுவேடம். கணினியின் நினைவிலே இருப்பது இலத்தீன் எழுத்து. திரையில் மட்டும் அதற்குத் தமிழ் உருவம் போர்த்தப்படுகிறது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி உள்ளே சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளையே. அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியிலே கோப்பைத் திறந்தால் வேடம் கலைந்துவிடும். பொருளற்ற இலத்தீன் குவியலே எஞ்சும். வீட்டிலே பழைய திருமண அழைப்பிதழோ, பேச்சுப்போட்டி உரையோ இருந்தால் திறந்து பாருங்கள். நாம் கூறுவது விளங்கும்.

இத்தாலியிலே இதற்கு இன்னுமொரு தொல்லை சேர்ந்தது. பாமினியின் புள்ளி அரைப்புள்ளி விசையில் உள்ளது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பழகிய விசைப்பலகையில் அது 'எல்' விசைக்கு அடுத்திருக்கும். இத்தாலிய விசைப்பலகையில் அவ்விடத்திலே 'பெரோ' என்னும் சொல்லின் ஈற்றிலே வரும், தலையிற் கோடிட்ட ஓகாரம் அமர்ந்திருக்கிறது. அரைப்புள்ளியோ கீழ்வரிசையில் காற்புள்ளியின் மேலே ஏறிக்கொண்டது. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஷிஃப்ட் விசையைத் தேடிப் பிடித்தே புள்ளி வைக்க வேண்டியதாயிற்று. தமிழிலே புள்ளி எத்தனை தடவை வரும் என்பதை எண்ணிப் பார்த்தால், அக்காலத்திலே மலர்களுக்கும் அறிவித்தல்களுக்கும் தட்டச்சு செய்தோரின் பொறுமைக்குத் தலைவணங்கத் தோன்றும்.

ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுத்துகளை இடம் மாற்றி வைத்த அந்த நாட்களிலே, ஒழுங்கு ஒன்று வேண்டுமென்று உலகின் பல மூலைகளிலிருந்தும் தமிழர் உழைத்தனர். மலேசியாவிலே முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்னும் செயலியைத் தொடங்கினார். சிங்கப்பூரிலே நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றப் பாடுபட்டு, 1999இல் மறைந்தார். எமக்கு அண்டை நாடான சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிலே வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவை இலவசமாக வழங்கியதோடு, 1998இல் மதுரைத் திட்டம் என்னும் மின்னூல் முயற்சியையும் தொடங்கினார். 1999 பெப்ரவரியிலே சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாட்டு அரசு தமிழ்99 என்னும் விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது.

இவற்றோடு இணைந்து வந்த பெரிய மாற்றம் ஒருங்குறி. உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் இம்முறையில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஒருங்குறியிலே தகரம் தகரமே. அது ஜே என்னும் எழுத்தின் வேடமன்று. விண்டோஸின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு லதா என்னும் எழுத்துருவுடன் தமிழை ஏற்றது. தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியையும் தரமாக ஏற்றுக்கொண்டது. எந்த நாட்டுக் கணினியிலும், கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே இன்று தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

ஒருங்குறி எழுத்துகளை ஒலிக்கும் முறையிலே சேமிக்கிறது. 'கெ' என்பதிலே முதலில் ககரம், அதன் பின்னரே கொம்பு. திரையிலே கொம்பு முன்னால் நிற்பது கண்ணுக்கு மட்டுமே. எனவே பழைய தட்டச்சுப் பழக்கத்தில் கொம்பை முதலில் அடிப்பவர்களுக்கு, கொம்பின் பக்கத்திலே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றும். கணினி பழுதடைந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம். 'இந்தக் கொம்புக்கு உரிய மெய் எங்கே?' என்று கணினி கேட்கும் கேள்வியே அவ்வட்டம். எழுத்துக்குப் பதிலாகச் சதுரங்கள் தோன்றுமாயின் அது வேறு நோய்; அவ்வெழுத்துரு அக்கணினியில் இல்லை என்பது அதன் பொருள்.

தமிழைச் சேர்க்கும் வழி

இனிச் செயலுக்கு வருவோம். விண்டோஸ் 11 இத்தாலிய மொழியில் இருப்பதாகக் கொண்டு வழி கூறுகின்றோம். விண்டோஸ் 10இலும் பாதை பெரும்பாலும் இதுவே. ஆனால் அப்பதிப்புக்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் மாதத்துடன் நின்றுவிட்டது என்பதை நினைவிற் கொள்க.

தொடக்கப் பட்டியலிலே பற்சக்கரக் குறியுடன் உள்ள 'இம்போஸ்தாசியோனி' என்பதைத் திறவுங்கள். அதிலே 'தாத்தா, ஓரா, லிங்குவா' என்னும் சொற்கள் வரும் பிரிவு உண்டு. (மாணவர்களே, அந்தத் தாத்தா எம் தாத்தா அல்லர், திகதி என்பதே பொருள்.) அதனுள்ளே மொழியும் வட்டாரமும் என்னும் பகுதிக்குச் சென்று, மொழி ஒன்றைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தித் தேடும் பெட்டியில் தமிழ் என்பதை இலத்தீன் எழுத்திலே எழுதினால், இந்தியா, இலங்கை என்னும் நாட்டுப் பெயர்களுடன் தமிழ் தோன்றும். தட்டச்சுக்கு எதனைத் தெரிவு செய்தாலும் கேடில்லை. ஆனால் பட்டியல்களையும் தமிழில் காட்டும் திரைமொழிப் பொதி, இந்தியா என்று குறித்த தமிழுக்கே உண்டு. ஆகவே அதனைச் சேர்த்துக்கொள்வது வசதி.

சேர்க்கும்போது, இதனை விண்டோஸின் திரைமொழியாக்கவா என்று கேட்கும் ஒரு கட்டம் வரும். இப்போதைக்கு அதிலே குறியிட வேண்டாம். காரணத்தைப் பின்னர் கூறுவோம். மொழி சேர்ந்தபின் அதன் வலப்பக்கத்திலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, விருப்பங்களுக்குள் சென்றால் 'தஸ்தியேரே', அதாவது விசைப்பலகைகள், என்னும் பகுதி தெரியும். அங்கேதான் பெற்றோர் ஒரு முடிவு எடுத்தல் வேண்டும்.

எந்த விசைப்பலகை?

விண்டோஸ் இன்று தமிழுக்குத் தரும் விசைப்பலகைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. வெறுமனே தமிழ் என்று பெயரிட்டிருப்பது, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இன்ஸ்கிரிப்ட் முறை. எம்மவரிடையே அதனைப் பழகியோர் மிகச் சிலரே. அடுத்தது தமிழ்99. இன்னொன்று முரசு வழியே பரவிய அஞ்சல் முறை. மற்றொன்று ஒலிபெயர்ப்பு முறை. இலத்தீன் எழுத்திலே ஒலியை அடித்தால் தமிழ்ச்சொல்லைக் காட்டுவது. அஞ்சலும் இலத்தீன் ஒலியையே அடிப்படையாகக் கொண்டது. தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகிய இரண்டும் 2019ஆம் ஆண்டிலே விண்டோஸுடன் சேர்ந்தே வரத் தொடங்கின. அதற்கு முன்னர் தனிச் செயலி தேடி நிறுவ வேண்டியிருந்தது. இலங்கை தனது தமிழ்த் தரமான 1326ஐ 2008இல் வெளியிட்டது. ரெங்கநாதன் விசைப்பலகை என்று அறியப்படும் தட்டச்சு வழி அமைப்பு அங்கே அரச அலுவலகங்களிற் பழக்கமானது. பாமினி முறையிலே கை பழகிய பெற்றோர் அதனை விட்டுவிட வேண்டியதில்லை. இ-கலப்பை போன்ற இலவசச் செயலிகள், பழைய விசைமுறையிலேயே அடித்து ஒருங்குறி எழுத்தைப் பெற வழி செய்கின்றன.

பிள்ளைகளுக்கு எது? ஒலிபெயர்ப்பு எளிது என்றே யாவரும் முதலில் நினைப்பர். ஆங்கிலம் வழியே கல்வி கற்கும் நாடுகளில் அது ஓரளவு உண்மை. இத்தாலியிலே அப்படியன்று என்பதே எமது துணிபு. ஒலிபெயர்ப்பு முறை ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பி அமைந்தது. எம் பிள்ளைகளோ இலத்தீன் எழுத்தை இத்தாலிய ஒலியோடு கற்றவர்கள். சீ, எச், ஐ என்னும் மூன்று எழுத்தையும் சேர்த்தால் ஆங்கில வழியில் 'சி'. இத்தாலியப் பிள்ளைக்கு அது 'கி'. சிறப்பு என்று எழுத நினைக்கும் பிள்ளை சீ, ஐ என்று இரண்டெழுத்தோடு நிறுத்திவிடும். எச் என்னும் எழுத்துக்கு இத்தாலியிலே தனி ஒலியே இல்லை. ழகரத்துக்கு இசட், எச் சேர்க்க வேண்டும் என்பது ஆங்கிலம் வழித் தமிழரிடையே எழுந்த வழக்கு. அதனை இங்குள்ள பிள்ளை எங்கே கண்டது? (ஞகரம் மட்டும் விதிவிலக்கு. ஜீ, என் சேர்ந்தால் இத்தாலியிலும் ஞகரமே. ஞானம் என்ற பெயருடையோர் கடவுச்சீட்டிலே அவ்வாறுதான் எழுதுகின்றனர்!) ஆகவே ஒலிபெயர்ப்பால் எழுதும் இத்தாலித் தமிழ்ப் பிள்ளை, ஒரு தமிழ்ச் சொல்லை எழுத மூன்று மொழிகளைத் தாண்டவேண்டியிருக்கிறது. அதனிலும் முக்கியமானது, அப்பிள்ளை தமிழ் எழுத்தை மனத்திலே எண்ணுவதே இல்லை; காட்டப்படும் சொற்களிலே ஒன்றைக் கண்ணால் பொறுக்குகிறது. றகரமா, ரகரமா என்ற கேள்வி அதன் மனத்தில் எழுவதற்கே வாய்ப்பில்லை.

தமிழ்99 இதற்கு நேர்மாறானது. வகுப்பிலே கற்ற நெடுங்கணக்கே அதன் அடிப்படை. உயிரெழுத்துகள் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம். மெய்யெழுத்துகளிலே பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். உயிர் 12, மெய் 18, புள்ளி 1 என 31 விசைகளால் தமிழ் முழுவதையும் எழுதிவிடலாம். ககரத்தை அடித்து இகரத்தை அடித்தால் 'கி'. ஆசிரியர் கரும்பலகையிலே க் என்பதோடு இ சேர்ந்தால் கி என்று கற்பிக்கும் அதே பாடம் விரலிலே நடக்கிறது. உயிர்மெய் எப்படிப் பிறக்கிறது என்று விளங்காத சிறுவருக்கு இதனைவிட நல்ல பயிற்சி இல்லை என்பது எமது கருத்து.

இத்தாலிய விசைப்பலகையிலே தமிழ்99 எங்கே அமர்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட படங்கள் யாவும் வேறு நாட்டு விசைப்பலகைக்கே கிடைக்கின்றன. நடுவரிசையிலே இடப்பக்கமிருந்து ஏ என்னும் விசையில் அகரம், அடுத்து இகரம், உகரம், புள்ளி, எகரம். பின்னர் எச் விசையில் ககரம், தொடர்ந்து பகரம், மகரம், தகரம். அதன்பின் 'பெரோ'வின் ஈற்றெழுத்து நகரமாகிறது. 'சித்தா'வின் ஈற்றெழுத்து யகரமாகிறது. மேல்வரிசையிலே 'கஃபே'யின் ஈற்றெழுத்து சகரம். அதற்கடுத்த கூட்டற்குறி ஞகரம். கீழ்வரிசையின் வலக்கோடியிலே சிறுகோடு உள்ள விசையில், எமது மொழிக்கே சிறப்பாகச் சொல்லப்படும் ழகரம் குடியிருக்கிறது. பாமினிக்காரர் ஷிஃப்ட் விசையோடு போராடி வைத்த புள்ளி, இங்கே இடக்கைச் சுட்டுவிரலின் கீழேயே இருக்கிறது. அதுவும் எப்போதும் வேண்டியதில்லை. 'அக்கா' என்பதிலே ககரத்தை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழவேண்டும் என்பது தமிழ்99 வகுத்த விதி.

சிறு துண்டுக் கடதாசிகளில் எழுத்துகளை எழுதி விசைகளிலே ஒட்டுவது சிலருடைய வழக்கம். அதனைவிட, ஒரு தாளிலே விசைப்பலகையை வரைந்து திரையின் ஓரத்திலே ஒட்டிவைப்பது நல்லது. விசையைப் பார்த்து அடிக்கும் பிள்ளை என்றும் விசையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மொழி மாறும் விசைகளும் கடவுச்சொல்லும்

விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் இத்தாலியும் தமிழும் மாறிமாறி வரும்; பணிப்பட்டையின் வலப்பக்கத்திலே மொழிக்குறியும் மாறுவதைக் காணலாம். பல கணினிகளிலே இடப்பக்க ஆல்ட் விசையும் ஷிஃப்ட் விசையும் சேர்ந்தாலும் மொழி மாறிவிடும். விளையாடும்போது பிள்ளைகளின் விரல் அங்கே தற்செயலாகப் படும். பின்னர் இத்தாலிய வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் தமிழ் எழுத்து வந்து நிற்கும். 'தமிழைப் போட்டபின் கணினி கெட்டுவிட்டது' என்ற பழி எழுவது பெரும்பாலும் இதனாலேயே. விசைப்பலகையின் மேலதிக அமைப்புகளுக்குள் சென்று அந்த இரட்டை விசையை நீக்கிவிடலாம். அங்கேயே, ஒவ்வொரு சாளரத்துக்கும் வெவ்வேறு மொழியை நினைவில் வைத்திருக்கும் தெரிவும் உண்டு. அதனை இயக்கிவிட்டால், தமிழ்க் கட்டுரை எழுதும் சாளரம் தமிழிலும், பாடசாலைப் பணி நடக்கும் சாளரம் இத்தாலியிலும் தத்தம் போக்கில் நிற்கும்.

மொழிப்பட்டியலிலே இத்தாலியை முதலிடத்திலேயே விட்டுவிடுக. கணினியைத் திறக்கும் கடவுச்சொல் இலத்தீன் எழுத்தில் இருக்க, விசைப்பலகை தமிழில் நின்றால் எத்தனை முறை அடித்தாலும் கதவு திறவாது. அப்படி நேர்ந்தால் நுழைவுத் திரையின் மூலையிலே உள்ள மொழிக்குறியை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

பட்டியல்களும் தமிழிலே வேண்டுமா?

திரைமொழியைத் தமிழாக்குவது பற்றி முன்னர் நிறுத்தி வைத்தோம். விண்டோஸின் எக்ஸ்பி பதிப்புக் காலந்தொட்டே தமிழ் இடைமுகப் பொதி கிடைத்து வருகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கேடிஈ, க்னோம் ஆகிய முகப்புத்திரைகளை, ஊதியம் எதுவுமின்றித் தன்னார்வலர்கள் தமிழாக்கினர். இது போற்றுதற்குரிய பணி. ஆயினும் பிள்ளையின் கணக்கிலே பட்டியல்களை முழுமையாகத் தமிழாக்குவதை நாம் பரிந்துரைப்பதில்லை. பாடசாலையிலே ஆசிரியர் 'இம்போஸ்தாசியோனியைத் திற' என்று சொல்லும்போது, வீட்டிலே அச்சொல்லைக் கண்டிராத பிள்ளை திகைக்கும். கணினி பழுதுபார்க்க வருபவரும் தமிழ்ப் பட்டியலைக் கண்டு கைவிரிப்பார்.

ஆனால் வீட்டிலே அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் கதை வேறு. இத்தாலியும் ஆங்கிலமும் அறியாத முதியவருக்குத் தமிழ்த் திரைமொழி ஒரு பெரும் விடுதலை. அவருக்கென்று தனியே ஒரு பயனர் கணக்கைத் திறந்து, அதன் திரைமொழியை மட்டும் தமிழாக்குங்கள். திரைமொழி கணக்குக்குக் கணக்கு வேறுபடலாம். ஒருவருடைய தமிழ் மற்றவருடைய இத்தாலியைத் தொடாது. 'ஒரே மொழி'ப் பதிப்பு என்று விற்கப்படும் விண்டோஸிலே திரைமொழியை மாற்ற முடியாது. தமிழ் தட்டச்சுக்கு அதிலும் தடையில்லை.

கணக்குத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கை. பெயரை முதலிலேயே தமிழில் கொடுத்தால், அப்பெயரிலேயே உள்ளே ஒரு கோப்புறை உருவாகும். இலத்தீன் அல்லாத எழுத்துள்ள பாதையைக் கண்டால் சில பழைய செயலிகள் இயங்க மறுக்கும். எனவே கணக்கை இலத்தீன் எழுத்திலே திறந்து, பின்னர் திரையிலே தோன்றும் பெயரை மட்டும் தமிழாக்குக. பிள்ளை கணினியைத் திறக்கும்போது தன் பெயரைத் தமிழிலே காணும்.

இதைவிடப் பலர் தவறும் இடம் வட்டார வடிவம். மொழியைச் சேர்த்த உற்சாகத்திலே வட்டார வடிவத்தையும் தமிழுக்கு மாற்றினால், பணிப்பட்டையிலே கிழமையும் மாதமும் தமிழில் தோன்றும், அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதனோடு தசமக் குறியும் மாறிவிடும். இத்தாலியிலே பன்னிரண்டு யூரோ ஐம்பது சதத்தைக் காற்புள்ளியிட்டு 12,50 என்று எழுதுகின்றோம். இந்திய வடிவத்திலே அது 12.50; காற்புள்ளியோ ஆயிரத்தையும் இலட்சத்தையும் பிரிப்பது. வீட்டுக் கணக்கையோ கடைக் கணக்கையோ அட்டவணையில் வைத்திருப்போர், இத்தாலிய வழக்கப்படி 12,50 என்று அடித்துவிட்டுத் தொகை ஏன் இப்படி வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வர். எனவே மொழி தமிழாகட்டும். வட்டார வடிவம் இத்தாலியாகவே இருக்கட்டும்.

தோற்றம்

தமிழ் எழுத்துக்கு வளைவும் சுழியும் மிகுதி. ணகரமும் றகரமும் ஐகாரமும் சிறிய அளவிலே ஒன்றோடொன்று கலங்கித் தெரியும். திரை அமைப்பிலே 'ஸ்காலா' என்னும் அளவை நூற்றிலிருந்து 125 வீதத்துக்கு உயர்த்தினால் வேறுபாடு உடனே புலப்படும். முதியோர் கணக்கிலே 150 வைக்கலாம். எழுத்தை மட்டும் பெரிதாக்க விரும்பினால், 'அச்சசிபிலிதா' என்னும் பிரிவிலே எழுத்தின் அளவை நூறு முதல் 225 வீதம்வரை கூட்டும் வழியுண்டு. பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு தமிழ் படிக்கிறதென்றால், மொழியைக் குறை கூறுமுன் இந்த அளவைக் கவனித்தல் வேண்டும். பழைய கோப்புகள் லதா எழுத்துருவைக் கேட்டால், அது இப்போது உடன் வருவதில்லை. விருப்பக் கூறுகள் என்னும் பட்டியலிலே தமிழுக்கான மேலதிக எழுத்துருக்களைத் தெரிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸின் 8ஆம் பதிப்பு முதல் நிர்மலா என்னும் எழுத்துருவே திரைப் பட்டியல்களில் தமிழைக் காட்டி வருகிறது.

பின்னணிப் படத்தைப் பிள்ளையின் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள். நல்லூர்த் தேராகவும் இருக்கலாம். பகேரியாவின் வில்லா பலகோனியாவாகவும் இருக்கலாம். 1715இலே கட்டத் தொடங்கிய அம்மாளிகையின் மதிலெங்கும் விகாரமான கற்சிலைகள் நெருங்கி நிற்பதை எம் பிள்ளைகள் அறிவர். 1787இலே அதனைக் காண வந்த ஜெர்மானியக் கவிஞர் கேத்தே அந்த அலங்கார மிகுதியைக் கண்டு முகம் சுளித்து எழுதினார். முகப்புத்திரை முழுவதும் குறிகளையும் கோப்புகளையும் இறைத்து வைத்திருக்கும் சில கணினிகளைப் பார்க்கும்போது எமக்கு அம்மாளிகையே நினைவுக்கு வருகிறது. நான்கு கோப்புறைகள் போதும். அவற்றிலே ஒன்றுக்குத் தமிழிலே பெயரிட்டு, தமிழ்ப்பள்ளிக் கட்டுரைகளையும் பேச்சுகளையும் அதனுள் இடச்சொல்லுங்கள். பெயர் மாற்ற எப்2 விசையை அழுத்தினால் போதும். இத்தாலியப் பாடசாலைக்கு அனுப்பும் கோப்புக்கு மட்டும் இலத்தீன் எழுத்திலே பெயர் இருக்கட்டும்.

ஆப்பிள் நிறுவனத்தின் மக் கணினி வைத்திருப்போருக்கு வேலை இன்னும் குறைவு. அதிலே முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துருவும், தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகளும் இயங்குதளத்துடனேயே வருகின்றன.

இனி, பெற்றோருக்கு ஒரு வேலை. பாமினியிலே அடித்து வைத்த பழைய கோப்புகள் ஏதேனும் இருந்தால் அவற்றை இவ்வாண்டே ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். அவ்வெழுத்துருவைத் தேடி நிறுவத் தெரிந்தவர் வீட்டிலே இருக்கும்வரையே அக்கோப்புகளுக்கு உயிர். மாற்றித் தரும் கருவிகள் இணையத்திலே இலவசமாக உள்ளன. பழைய எழுத்தை ஒட்டினால் புதிய எழுத்து மறுபக்கத்திலே வரும். முழுக்கோப்பையும் ஒருமிக்க ஒட்டவேண்டாம். நடுவே இத்தாலிய முகவரியோ மண்டபத்தின் பெயரோ இருந்தால், கருவி அதனையும் பாமினி என்றெண்ணிப் பொருளற்ற தமிழாக்கிவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் பகுதி பகுதியாக மாற்றி, மூலக்கோப்பின் அச்சுப் பிரதியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒப்பிடும் வேலையைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எழுத்துப்பிழை காண்பதிலே அவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

மாணவர்கள் வழமையாகக் கேட்கும் கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. தம் வகுப்புத் தோழர் ஜுசெப்பேயின் பெயரையும் சாந்தா ரொசாலியாவின் பெயரையும் எழுத ஜகரமும் ஸகரமும் எங்கே என்பர். தமிழ்99இலே ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மேல்வரிசையின் இடக்கோடியிலிருந்து அடித்தால் ஸ, ஷ, ஜ, ஹ என்று வரிசையாக வரும். ஆய்த எழுத்து, ஷிஃப்ட் விசையோடு புள்ளி விசையிலே இருக்கிறது.